உடல் பருமன் ஒழுக்கக் கேடா?

யோசிக்காமலேயே நாம் தீர்ப்பு சொல்லிவிடும் விஷயங்களில் உடல் பருமனும் ஒன்று. குண்டாக இருக்கிறவர் சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவர். ஒல்லியாக இருக்கிறவர் கட்டுப்பாடானவர். கல்யாண வீட்டில் "என்னப்பா, நல்லா ஊதிட்டே?" என்று கேட்பவர் நலம் விசாரிப்பதாகத்தான் நினைத்துக்கொள்கிறார். சமய வகுப்பில் இது இன்னும் கொஞ்சம் கனமாக இறங்கும். புலனடக்கம் பற்றிப் பேச ஆரம்பித்தால் உதாரணத்துக்கு முதலில் வருவது நாக்குதான். நாக்கையே அடக்காதவன் வேறு எதை அடக்கப் போகிறான் என்று ஆசிரியர் கேட்டதும், வகுப்பிலேயே பருமனான பையன் யாரோ அவன் தலை குனிந்துகொள்வான்.

அந்தப் பையன் தலை குனிய வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருமன் உடல்நலத்துக்குக் கெடுதல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2011இல் மலேசியப் பெரியவர்களில் 44.5 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 2019இல் அது 50.1 விழுக்காடு, 2023இல் 54.4. 2019 தேசிய ஆய்வில் இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 63.9 விழுக்காடு. நீரிழிவிலும் நாம்தான் முன்னால் நிற்கிறோம். டயாலிசிஸ் மையத்தில் வாரம் மூன்று நாள் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்த யாரும் "உடம்பு எப்படி இருந்தா என்ன" என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கெடுதல் வேறு, குற்றம் வேறு. கிட்டப்பார்வையும் கெடுதல்தான். கண்ணாடி போட்டவரிடம் போய் யாரும் ஒழுக்கம் பேசுவதில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் கிளையில் இந்த ஆண்டு எடை குறைப்புப் போட்டி நடத்தலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. 12 வாரம், நுழைவுக் கட்டணம் 50 ரிங்கிட், அதிக கிலோ குறைத்த மூவருக்குப் பரிசு. யோசனை சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். இருந்தாலும் எனக்கு உறுத்துகிறது. நாம் எதற்குப் பரிசு கொடுக்கப் போகிறோம்?

கிலோவுக்கு. சரி, அந்தக் கிலோ எதனால் ஆனது? உடம்பில் கொழுப்பு இருக்கிறது, தசை இருக்கிறது, எலும்பு இருக்கிறது, எல்லாவற்றிலும் அதிகமாகத் தண்ணீர் இருக்கிறது. தராசுக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐக்கும் தெரியாது. அந்தச் சூத்திரம் நோயாளிகளுக்காகப் பிறந்ததே அல்ல. 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற வானியல், புள்ளியியல் அறிஞர் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடப் போய்க் கண்டுபிடித்தது. பிஎம்ஐ என்ற பெயர் வந்ததே 1972இல்தான். பெரும் கூட்டத்தை ஒப்பிட அது உதவும். ஒரு தனி மனிதரைப் பற்றி அது சொல்வது குறைவு.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த இரண்டு மருத்துவர்களின் கதை. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ அச்சு அசல் ஒன்றே: 22.3. எக்ஸ்ரே ஸ்கேனில் பார்த்தால் யட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 விழுக்காடு. இரண்டு மடங்குக்கும் மேல்! நம் வகுப்பில் இருவரும் வந்து உட்கார்ந்தால் இரண்டு பேருமே "கட்டுப்பாடானவர்கள்" என்று பெயர் வாங்கியிருப்பார்கள்.

ஜிம்மில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கும் மெஷின் இதையெல்லாம் அளந்து சொல்லிவிடுமே என்று கேட்கலாம். பொறியியல் மாணவன் என்பதால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மெஷின் சின்ன மாற்று மின்னோட்டத்தை உடம்புக்குள் அனுப்புகிறது. தண்ணீர் நிறைந்த தசை அதை எளிதாகக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். மெஷின் நேராக அளப்பது அந்த மின்தடுப்பை மட்டும்தான். மற்றதெல்லாம் நம் உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதைச் சூத்திரத்தில் போட்டு அது செய்கிற ஊகம். வியர்க்க விளையாடிவிட்டு ஏறினால் ஒரு எண், தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் வேறொரு எண். அச்சடித்துத் தரும் தாளில் தசமப்புள்ளி இருக்கிறது என்பதற்காக அது துல்லியமாகிவிடாது.

சரி, உணவுத் திட்டங்களுக்கு வருவோம். சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கும்போது போவது கொழுப்பு மட்டும் இல்லை. பொதுவாக இறங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தசை முதலான கொழுப்பில்லாத பகுதியிலிருந்து போகிறது என்பார்கள். 2017இல் அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட, பருமனான 160 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. உணவுக் கட்டுப்பாட்டோடு ஒரு குழுவுக்கு நடை, சைக்கிள் போன்ற பயிற்சி, ஒரு குழுவுக்குப் பளு தூக்கும் பயிற்சி, ஒரு குழுவுக்கு இரண்டும். ஆறு மாதத்தில் மூன்று குழுக்களுக்கும் எடை 9 விழுக்காடு இறங்கியது. தராசுப்படி மூவரும் சமம். ஆனால் நடைப்பயிற்சிக் குழு கொழுப்பில்லாத எடையில் 5 விழுக்காட்டை இழந்தது, பளு தூக்கிய குழு 2 விழுக்காட்டை மட்டும். இரண்டையும் செய்தவர்களுக்கு 3. வயதானவருக்குத் தசை என்பது அழகுப் பொருள் இல்லை. கழிப்பறையிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழுந்து வருவதற்கு வேண்டியது அது.

நம் போட்டியில் ஜெயிக்கப்போவது யார் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். கடைசி வாரம் பட்டினி கிடந்து, தண்ணீரையும் குறைத்து, தசையைக் கரைத்தவருக்கு மேடையில் மாலை. அளவாகச் சாப்பிட்டு, பயிற்சி செய்து, இரண்டு கிலோ கொழுப்பைக் குறைத்து ஒரு கிலோ தசையை ஏற்றியவர் தராசில் ஒரு கிலோ மட்டும் இறங்கி, பெயர்கூட வாசிக்கப்படாமல் வீட்டுக்குப் போவார்.

இதற்கும் மேலே ஒரு சேதி. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். உணவிலும் நடையிலும் மாற்றம் செய்துகொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை? குறிப்பிடும்படி இறங்கவே இல்லை. அந்தக் குழுவில் இருந்த ஒரு அம்மா நம் போட்டியில் சேர்ந்திருந்தால் பூஜ்யம் வாங்கியிருப்பார். ஆனால் தனக்கு வரவேண்டிய நோயைத் தள்ளிப்போட்டிருப்பார்.

இனி ஒழுக்கக் கேள்விக்கு வருகிறேன். "எல்லாம் சரிதான், ஆனா வாயைக் கட்டுறது அவங்க கையிலதானே இருக்கு?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நேர்மையான கேள்வி.

செமாக்ளுடைட் என்ற ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல வேலை செய்வது. வாரம் ஒரு முறை போட்டுக்கொண்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தார்கள் என்று 2021இல் ஆய்வு வந்தது. போட்டுக்கொண்ட பலர் சொல்வது, சாப்பாட்டைப் பற்றிய நினைப்பே அடங்கிவிட்டது என்று. தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்களாம். இப்போது சொல்லுங்கள், அவர்களுக்கு ஒரே மாதத்தில் புலனடக்கம் கைகூடிவிட்டதா? ஊசியை நிறுத்தியவர்களுக்கு இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருஷத்தில் திரும்பி வந்தது. ஒழுக்கமும் திரும்ப ஓடிப்போய்விட்டதா? ஒரு ஹார்மோனைக் கூட்டிக் குறைத்தால் கூடிக் குறைகிற ஒன்றை முழுக்க முழுக்கக் குணம் என்று சொல்லிவிட முடியாது. பிறவியிலேயே அந்த ஹார்மோன் ஏற்பாடு நன்றாக அமைந்தவர் மூணு ரொட்டி சானாய் போதும் என்று எழுந்துவிடுகிறார். அதை நாம் அவருடைய பண்பு என்கிறோம்.

எங்கள் பாடத்தில் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு. ஏர்கானை 24 டிகிரியில் வைத்தால் அறை சூடாகும்போது அதுவே வேகமாக ஓடும், குளிர்ந்தால் நிற்கும். உடம்பும் இப்படித்தான் தன் எடையைக் காக்கப் பார்க்கிறது. 2011இல் மெல்போர்னில் 50 பேருக்கு 10 வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருஷம் கழித்தும் அவர்கள் இரத்தத்தில் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை, பசியும் அடங்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகச் செலவழித்துக்கொண்டிருந்தது. ஆகவே, 90 கிலோவிலிருந்து 82க்கு வந்து அங்கேயே நிற்கும் ஒருவர், பிறந்ததிலிருந்தே 60 கிலோவாக இருப்பவரைவிட ஒவ்வொரு நாளும் அதிகமாகப் புலனடக்கம் செய்கிறார். பார்ப்பவர் கண்ணுக்கு அவர் இன்னும் குண்டுதான்.

என் அம்மாவைப் பார்த்துத்தான் இதை நான் புரிந்துகொண்டேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை, இனிப்பு நீர் வந்து எட்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு உணவுத் திட்டத்தில் சேர்ந்து, மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைத்தார். மாத்திரையில் ஒன்றை டாக்டர் நிறுத்தினார். அடுத்த ஒரு வருஷத்தில் மூன்று கிலோ திரும்பி வந்தது. சாப்பாட்டை அவர் மாற்றவில்லை, நான் கூடவே இருந்து பார்த்தவன். மாலை நடையையும் விடவில்லை. நிறுத்திய மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வேண்டியும் வரவில்லை. ஆனால் ஒரு கல்யாணத்தில் சொந்தக்கார அத்தை ஒருவர் எல்லார் முன்னாலும் "என்ன, மறுபடியும் போட்டுட்டியா? வாயை அடக்க முடியலையா?" என்றார். அம்மா சிரித்துச் சமாளித்தார். அதற்குப் பிறகு மூன்று விசேஷங்களுக்கு ஏதோ சாக்கு சொல்லிப் போகவில்லை. எடைக்காக ஒருவரை வெட்கப்படுத்தினால் அவர் இளைப்பதில்லை. வீட்டுக்குள் போய்விடுகிறார்.

அப்படியானால் யாருக்கும் எந்தப் பொறுப்பும் கிடையாதா, எல்லாம் விதி என்று விட்டுவிடலாமா என்றால், அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் செயலையும் பலனையும் பிரித்துக் காட்டுகிறார். நமக்கு உரிமை செயலில்தான், பலனில் இல்லை. போருக்குச் சொன்னதைச் சோற்றுக்குப் பொருத்துவது சின்னத்தனமாகத் தெரியலாம். ஆனால் அதே கண்ணன் ஆறாம் அத்தியாயத்தில் அளவுக்கு மீறி உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாமலே கிடப்பவனுக்கும் இல்லை என்று சோற்றைப் பற்றியே பேசுகிறார். திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரமும் பெரும்பாலும் மருந்தைப் பற்றியது அல்ல, செரித்த பிறகு அளவறிந்து உண்பதைப் பற்றியது. எதைத் தட்டில் போடுகிறேன், எவ்வளவு நடக்கிறேன், வாரம் இரண்டு முறை பளு தூக்குகிறேனா என்பதெல்லாம் செயல். அதற்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். கிலோ என்பது பலன். அதில் என் அம்மா வயிற்றில் நான் இருந்தபோது அவர் என்ன சாப்பிட்டார் என்பதுவரை எத்தனையோ சேர்ந்திருக்கிறது.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. யாஜ்னிக் குழுவினர் புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். சராசரி எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம் குழந்தைகள் மெலிந்தவை, ஆனால் தசையில்தான் மெலிந்தவை. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறந்த அன்றே யாருக்கும் வாய்க் கட்டுப்பாடு இல்லை என்று சொல்ல முடியாது அல்லவா?

"எங்க தாத்தா காலத்துல தோட்டத்துல யாருமே குண்டா இல்லையே" என்பது அடுத்த வாதம். உண்மைதான். இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான பால்மரம் சீவி, வாளியைத் தூக்கி நடந்தார்கள். சாப்பாடும் போதவில்லை. அதை வறுமை என்று சொல்லலாம், தவம் என்று சொல்லக் கூடாது. அதே தாத்தாவின் பேரன் இன்று பன்னிரண்டு மணி நேரம் கார்ட் வேலையில் உட்கார்ந்திருக்கிறான், நள்ளிரவில் திறந்திருப்பது மமாக் கடை மட்டும்.

ஆகவே பொறுப்பு என்று பேசினால் அது நம் இயக்கத்துக்கும் உண்டு. நம் நிகழ்ச்சிகளில் என்ன கொடுக்கிறோம்? ஒரு பெரிய டிரம் நிறைய ரோஸ் சிரப் தண்ணீர். காலையில் பால் டின் ஊற்றிய தேநீரும் பொரித்த பலகாரமும். மதியம் குவியலாக வெள்ளைச் சோறு, ஒரு கரண்டி சாம்பார், மேலே அப்பளம். பருப்பைத் தேட வேண்டும். அன்னதானத்தில் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று சொல்வது நம் அன்பு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சிரப் ஊற்றிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை எடைக்காக ஒருவரைத் தராசில் ஏற்றுவதை எந்தத் தர்மத்தில் சேர்ப்பது?

தைப்பூச விரதத்தையும் சொல்ல வேண்டும். 48 நாள் விரதத்தில் எடை குறைகிறது என்று சிலர் இப்போது அதை டயட்டாகவே பேசுகிறார்கள். முருகனுக்காக ஒன்றை விடுவதும் பேண்ட் அளவுக்காக ஒன்றை விடுவதும் ஒன்றல்ல. டயட் என்று பார்த்தாலும் நாம் செய்யும் முறை சரியில்லை. மீனையும் கோழியையும் விட்டுவிட்டு அந்த இடத்தில் சோற்றையும் வடையையும் வைத்தால் புரதம் விழுந்துவிடும், தசை கரையும். எடை குறைப்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவில் புரதம் வேண்டும் என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். தெம்பே, தௌஃபு, பருப்பு, கடலை, தயிர் எல்லாம் நம் சந்தையிலேயே கிடைக்கிறது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மலிவு விலை அடுக்குமாடிகளில் இருக்கும் எடை கூடிய இல்லத்தரசிகளுக்காக ஒரு திட்டம் நடத்தினார்கள். ஆறு மாதம் எடை குறைப்பு, பிறகு ஆறு மாதம் அதைக் காப்பது. உணவு ஆலோசனை, சாப்பிட்டதை எழுதிவைக்கும் புத்தகம், காலடி எண்ணும் கருவி. அதில் எனக்குப் பிடித்தது இரண்டாவது ஆறு மாதம்தான். குறைத்த பிறகும் கூட இருந்தார்கள். நம் 12 வாரப் போட்டி பரிசளிப்பு விழாவோடு முடிந்துவிடும். உடம்பு திருப்பி அடிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் நாம் போஸ்டரைக் கழற்றிக்கொண்டிருப்போம்.

அதனால் செயற்குழுவுக்கு மாற்று யோசனை ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். தராசு வேண்டாம். விருப்பப்பட்டவர்கள் இடுப்பளவை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளட்டும், ஆணுக்கு 90 செண்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்ற எல்லையைத் தெரிந்துகொண்டால் போதும். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள் ஆலய மண்டபத்தில் எல்லா வயதினருக்கும் தசைப் பயிற்சி, நாற்காலியில் கையை ஊன்றாமல் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று மாதம் ஒரு முறை எண்ணிப் பார்ப்பது. ஒரு வருஷத்துக்கு. ஒல்லியானவர்களும் சேர வேண்டும், ஏனென்றால் யாஜ்னிக் கதையில் ஒல்லியானவருக்குள்ளும் கொழுப்பு இருந்தது. நிகழ்ச்சிச் சாப்பாட்டில் பருப்பும் காய்கறியும் இரண்டு மடங்கு, குடிக்க வெறும் தண்ணீர்.

தசைப் பயிற்சிக்கு எல்லாரும் சரி சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுக்கும் சமையல் பொறுப்பிலுள்ள அக்கா சரி சொன்னார், பருப்பு விலையைக் கேட்டுவிட்டுச் சொல்வதாக. சிரப் தண்ணீர் டிரம்மைத்தான் எடுக்க முடியவில்லை. இந்த வருஷம் அதற்கு ஏற்கனவே ஒருவர் உபயம் எழுதிவிட்டாராம்.